சின்னக் கொம்பனை ஏன் விடணும்? பென்சில்வேனியா மான் வேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில், மலைக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்கு மான் வேட்டை பழக்கினார். பதினொரு பருவம் ஆகிவிட்டது. ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக லைசன்ஸ் எடுத்த தமிழ் நண்பர்கள் கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: சட்டப்படி சுடலாம் என்கிற ஆண் மானையும் சிலர் சுடாமல் விடுகிறார்களே, ஏன்?

போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பேசுவது வெள்ளைவால் மானைப் பற்றி மட்டும். விதிகள் வருஷா வருஷம் மாறலாம். லைசன்ஸோடு கிடைக்கும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

"மானைச் சுடுறதே தப்பில்லையா? ஊர்ல சுட்டா ஜெயில் ஆச்சே?"

நம் ஊரில், இந்தியாவில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மானைச் சுட்டால் சிறைதான், அது சரியும்கூட. இங்கே கதை வேறு மாதிரிப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பென்சில்வேனியாவில் மானே அற்றுப்போகும் நிலை. காட்டை மொட்டையடித்தார்கள், கறியைச் சந்தையில் விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டார்கள். 1895-இல் மாநில வேட்டை விலங்கு ஆணையம் உருவானது. 1906 முதல் மிச்சிகன் போன்ற இடங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் பெட்டை மானைச் சுடவே கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

அது நன்றாகவே வேலை செய்தது, அளவுக்கு மீறி. ஓநாயும் மலைச்சிங்கமும் ஏற்கெனவே ஒழிந்துபோயிருந்தன. மான் பெருகிப் பெருகி, காட்டின் தரைமட்டத்தில் முளைக்கிற ஓக் கன்று, மேப்பிள் கன்று எல்லாவற்றையும் மேய்ந்து தீர்த்தது. இன்றைக்கு மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிற பெரிய கை வேட்டைக்காரனுடையதுதான். லைசன்ஸ் பணமும், 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் வரியும் வனவிலங்குப் பணிகளுக்குப் போகின்றன. இதையெல்லாம் கேட்ட பிறகும் சுட மனம் வரவில்லை என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

"இளம் ஆண் மான்னா எவ்வளவு வயசு? எல்லாரும் ஒன்றரை, ரெண்டரைன்னே சொல்றாங்களே?"

குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. வேட்டை நடப்பது இலையுதிர் காலத்தில். அதனால் வேட்டைக்காரன் பார்க்கிற மானுக்கு எப்போதும் ஒரு அரை வயது கூடவே வரும். பிறந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஆண் குட்டிக்கு ஆறு மாதம். தலையில் மயிருக்குள் இரண்டு மொட்டு மட்டும் இருக்கும். அடுத்த ஆண்டு ஒன்றரை வயதில்தான் முதல் கொம்பு. இந்தப் பக்கத்தில் "இளம் ஆண்" என்று சொல்வது இந்த ஒன்றரை வயதுக்காரனைத்தான்.

மானின் கொம்பு மாட்டுக் கொம்பு போல நிலையானது இல்லை. குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். வசந்தத்தில் மறுபடி முளைத்து, கோடை முழுக்க வெல்வெட் போன்ற தோலுக்குள் வளர்ந்து, செப்டம்பர் வாக்கில் தோலை உரித்துக்கொண்டு எலும்பாக வெளியே வரும். ஒன்றரை வயதில் ஒரு மான் காட்டுகிற கொம்பு, அது கடைசியில் எட்டக்கூடிய அளவில் ஏறக்குறைய கால் பங்குதான். அடுத்த ஆண்டே பாதியைத் தாண்டிவிடும். மூன்றரை வயதில் முக்கால் பங்கு. முழு அளவு ஐந்தரை, ஆறரை வயதில். ஆக, எல்லாவற்றிலும் பெரிய தாவல் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குப் போகிற அந்த ஒரு வருஷத்தில்தான் நடக்கிறது. அந்த ஒரு வருஷத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதுதான் இந்தப் பேச்சு முழுவதும்.

"பெரிய கொம்பைச் சுவர்ல மாட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்குத்தானே இது? எனக்குக் கறி கிடைச்சா போதும்."

கறிதான் வேண்டும் என்றால் உங்களுக்கு இன்னும் சுலபம். பெட்டை மானுக்குத் தனி லைசன்ஸ் எடுங்கள். ஒன்றரை வயது ஆணிலும் வளர்ந்த பெட்டையிலும் கிடைக்கிற கறியில் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டையைச் சுட்டால் காட்டுக்கும் உதவி. பொது லைசன்ஸில் வருஷத்துக்கு ஒரே ஒரு கொம்பு மானுக்குத்தான் டேக் (சுட்ட மான்மேல் கட்டும் அடையாளச் சீட்டு) வரும். அதைப் பருவத்தின் முதல் காலையிலேயே ஒரு இளம் ஆண்மேல் கட்டிவிட்டால் ஆண் மான் வேட்டை அன்றோடு முடிந்தது.

கொம்பு ஆசை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் இதைப் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் வேறு. ஒரு காட்டில் இருக்கிற ஆண் மான்கள் எல்லாமே ஒன்றரை வயதுப் பையன்கள் என்றால் அது இயல்பான கூட்டம் இல்லை. இரண்டரை, நாலரை, ஆறரை என்று எல்லா வயதும் கலந்திருக்கிற காட்டில் நவம்பர் மாதம் போய் உட்கார்ந்து பாருங்கள். மரத்தில் கொம்பை உரசிப் பட்டை உரித்த தடம், காலால் மண்ணைக் கீறி மூத்திரம் விட்டு வைத்த அடையாளம், இரண்டு பெரிய ஆண்கள் கொம்பைக் கோத்து மோதுகிற சத்தம். நான் முதல் நான்கு பருவம் வேட்டையாடிய இடத்தில் இதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "பெரிய ஆண் இல்லாவிட்டால் பெட்டைகள் சினையாகாமல் போய்விடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். பென்சில்வேனியாவில் அப்படி ஆகவில்லை. இளம் ஆண்களே பெரும்பான்மையாக இருந்த காலத்திலும் வளர்ந்த பெட்டைகளில் மிகப் பெரும்பாலானவை சினையாகத்தான் இருந்தன. நல்ல காரியத்துக்காகக்கூட இல்லாத காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

"சட்டம் என்ன சொல்லுது? மூணு கிளைன்னா எப்படி எண்ணணும்?"

2002 வரைக்கும் கொம்பு மூன்று அங்குலம் இருந்தாலே சுடலாம். அந்த ஆண்டுதான் கொம்புக் கட்டுப்பாடு வந்தது. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று முனை இருக்க வேண்டும். மேற்குப் பக்கத்துச் சில பிரிவுகளில் முதலில் நான்கு என்று வைத்தார்கள். 2011-இல் அதை மாற்றி, கண்ணுக்கு மேலே முளைக்கும் புருவக்கிளையை விட்டுவிட்டு மூன்று என்றாக்கினார்கள். காட்டில் தூரத்திலிருந்து பார்க்கும்போது புருவக்கிளைதான் கண்ணுக்குச் சிக்காது. அதை எண்ண வேண்டியதில்லை என்றதும் தீர்மானிப்பது எளிதானது.

ஒரு முனை என்றால் அடியிலிருந்து நுனி வரை குறைந்தது ஒரு அங்குலம். முதன்மைத் தண்டின் நுனி எவ்வளவு குட்டையானாலும் ஒரு முனையாகக் கணக்கு. சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள். "மூணு இருக்கிற மாதிரி இருந்துச்சு" என்பது காவலரிடம் சொல்கிற பதில் ஆகாது.

"2002-க்கு அப்புறம் நிஜமாவே ஏதாவது மாறிச்சா?"

மாறியது. கட்டுப்பாட்டுக்கு முன்னால் இந்த மாநிலத்தில் சுடப்பட்ட ஆண் மான்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஒன்றரை வயதுக்காரர்கள். வருஷா வருஷம் அந்த வயதுக் கூட்டத்தை அப்படியே அறுவடை செய்துகொண்டிருந்தோம். இப்போது சுடப்படுவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டரை வயதோ அதற்கு மேலோ. நாடு முழுக்கவும் இதே போக்குதான்: 1989-இல் சுடப்பட்ட கொம்பு மான்களில் 62 சதவீதம் ஒன்றரை வயது, இன்றைக்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. சட்டம் ஒரு பகுதிதான் காரணம். சட்டம் இல்லாத மாநிலங்களிலும் வேட்டைக்காரர்கள் தாங்களாகவே விட ஆரம்பித்தார்கள்.

இது சும்மா வரவில்லை. அப்போது ஆணையத்தின் மான் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கேரி ஆல்ட். கரடி ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டுப் பேசினார். இளம் ஆணை விடுங்கள் என்பதைவிட, பெட்டையை அதிகம் சுடுங்கள் என்பதைத்தான் மக்களால் தாங்க முடியவில்லை. மிரட்டல்கள் வந்தன, குண்டு துளைக்காத உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டிய நிலை. 2004 கடைசியில் பதவியை விட்டுப் போனார். மூன்று தலைமுறையாகப் "பெட்டையைத் தொடாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசும்போது எனக்குப் புரிந்தது. அவரும் அன்றைக்குக் கோபப்பட்டவர்தான். இன்றைக்கு என்னை முதலில் பெட்டை லைசன்ஸ் எடுக்கச் சொல்வதும் அவர்தான்.

"நான் விட்டா பக்கத்து நிலத்துக்காரன் சுட்டுருவான். அப்புறம் நான் விட்டு என்ன பிரயோஜனம்?"

நான் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். சுட்டுவிடலாம், உண்மைதான். ஒரு வளர்ந்த ஆண் மான் சுற்றுகிற பரப்பு சாதாரணமாக ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் அளவுக்கு இருக்கும். உங்களிடம் 40 ஏக்கர் இருந்தால் அந்த மானுக்கு நீங்கள் ஒரு மூலைதான். போதாக்குறைக்கு, இளம் ஆண்களில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் பிறந்த இடத்தை விட்டே போய்விடும்; மைல் கணக்கில் தள்ளிப்போய்ப் புது இடத்தில் தங்கும். ஆகையால் "நான் வளர்த்த மான்" என்று ஒன்று கிடையாது. உங்கள் நிலத்தில் நீங்கள் சுடப்போகிற பெரிய ஆணை அநேகமாக வேறு யாரோதான் விட்டு வைத்திருப்பார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நீங்கள் சுட்டால் அந்த மான் அடுத்த வருஷத்தைப் பார்க்க வாய்ப்பே இல்லை. விட்டால் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. பென்சில்வேனியாவில் பக்கத்துக்காரரையும் இதே சட்டம்தான் கட்டுகிறது, அதனால் மூன்று முனை இல்லாத மானை அவரும் தொட முடியாது. அதற்கு மேலே உள்ளதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஐந்து குடும்பம் சேர்ந்து ஆகஸ்டில் ஒரு மாலை உட்காருவோம். யார் எந்த மானைப் பார்த்தார்கள் என்று ட்ரெயில் கேமரா (காட்டில் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா) படங்களைப் பகிர்ந்துகொள்வோம். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. பக்கத்துக்காரர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விடுகிறது.

"கொம்பைப் பார்க்காம வயசைக் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். கொம்பைப் பார்க்காமல்தான் பார்க்கவும் வேண்டும், கொம்பு ஏமாற்றும். உடம்பைப் பாருங்கள்.

ஒன்றரை வயது ஆண் என்பது பெட்டைமேல் கொம்பை ஒட்டவைத்தது போல இருக்கும். மெலிந்த கழுத்து, ஒட்டிய வயிறு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். இரண்டரையில் தோள் கொஞ்சம் திரளும், ஆனாலும் கால் இன்னும் நீளமாகவே தெரியும். மூன்றரையில் பந்தயக் குதிரை மாதிரி: நவம்பரில் கழுத்து வீங்கும், நெஞ்சு பின்பக்கத்தைவிடப் பெரிதாகும், இடுப்பு ஒட்டியே இருக்கும். நாலரையில் இடுப்பு மறைந்து, கால் குட்டையாகிவிட்டது போலத் தோன்றும். அதற்கு மேலே போனால் வயிறு தொங்கும், கழுத்து எங்கே முடிந்து நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பின்னங்காலின் உட்பக்கத்தில் இருக்கிற சுரப்பி மயிர் வயதான ஆணுக்கு நவம்பரில் கருத்துக் கிடக்கும்.

எனது இரண்டாவது பருவத்தில், வயல் ஓரமாகத் தனியாக வந்த ஒரு ஆணைப் பனிமூட்டத்தில் பார்த்துப் பெரியது என்றே நம்பிச் சுட்டேன். பக்கத்தில் ஒப்பிட வேறு மான் இல்லை. கிட்டே போகப் போக அது சின்னதாகிக்கொண்டே வந்தது. மூன்று முனை இருந்தது, சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்த மெல்லிய கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தனியாக நிற்கிற மானைப் பார்த்தால் இப்போது முழுசாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன்.

சுட்ட பிறகு சரிபார்க்கப் பல்லைப் பாருங்கள். கீழ்த்தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று மேடு இருந்தால் அது பால் பல்; மான் ஒன்றரை வயது அல்லது அதற்குக் கீழ். இரண்டு மேடுள்ள நிரந்தரப் பல் முளைத்துவிட்டால் அதைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் பல் தேய்மானத்தை வைத்துச் சொல்கிற வயது எல்லாம் ஊகத்தோடு கலந்ததுதான்.

"கிளையே இல்லாம குச்சி மாதிரி ரெண்டு கொம்பு. அது வளர்ந்தாலும் உருப்படாதுன்னு சொல்றாங்களே?"

இதைத்தான் இங்கே ஸ்பைக் என்கிறார்கள். ஒரு முறை ஸ்பைக் என்றால் எப்போதும் ஸ்பைக் என்பது தப்பு. அடுத்த ஆண்டே பெரும்பாலானவற்றுக்குக் கிளை பிரிந்துவிடும். தாமதமாகப் பிறந்த குட்டி, வறட்சியான வருஷம், முதல் ஈற்றுத் தாய், மேய்ச்சல் கெட்ட காடு என்று பல காரணத்தால் முதல் கொம்பு சின்னதாக வரலாம். பிறகு உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும்.

டெக்சஸில் இது பெரிய சண்டை. அங்கே கெர் வனவிலங்குப் பகுதியில் வேலிக்குள் வைத்து, ஒரே தீவனம் கொடுத்து வளர்த்த மான்களில், ஸ்பைக்காகத் தொடங்கியவை பின்னாலும் சற்றுச் சின்னதாகவே இருந்தன என்று கண்டார்கள். தெற்கு டெக்சஸில் திறந்தவெளி மான்களைப் பிடித்து அடையாளமிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தவர்களோ, நாலரை வயதில் வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்றார்கள். வேலிக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம். காட்டில் அப்படி இல்லை. எங்கள் மலைக்காட்டு மானுக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

"சரி, அப்போ மூணு முனை வந்துட்டா யோசிக்காம சுடலாம்தானே?"

சட்டப்படி சுடலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒன்றரை வயதுக்காரர்களிலேயே நன்றாக வளர்ந்தவனுக்கு மூன்று நான்கு முனை வந்துவிடும். சோனிக்கு வராது. முனையை மட்டும் எண்ணிச் சுட்டால், அந்த வயதில் சிறந்தவனைக் கொன்றுவிட்டுச் சோனியைப் பாதுகாக்கிறோம். மிசிசிப்பியில் 1995-இல் மொத்தம் நான்கு முனை என்று மாநிலம் முழுவதற்கும் விதி வைத்தார்கள். வளமான மண்ணில் ஒன்றரை வயதிலேயே நான்கு முனை வந்துவிடுவதால் நல்ல இளம் ஆண்களெல்லாம் சுடப்பட்டு, பின்னால் வளர்ந்து வந்த கூட்டத்தின் கொம்பு சராசரி சிறுத்தது. பிறகு அங்கே கொம்பின் அகலத்தையும் தண்டின் நீளத்தையும் அளவாக வைத்தார்கள்.

டெக்சஸ் 2002-இல் ஆறு கவுண்டிகளில் (மாவட்டங்களில்) தொடங்கிய விதி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. உள்பக்க அகலம் 13 அங்குலம் இருக்க வேண்டும். மான் காதை விறைத்து நிற்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிவரை ஏறக்குறைய அதே 13 அங்குலம். கொம்பு காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுடலாம், அளவுகோல் மானின் தலையிலேயே இருக்கிறது. ஒன்றரை வயதில் அந்த அகலம் வருவது அபூர்வம். பென்சில்வேனியாவில் சட்டம் முனையைத்தான் கேட்கிறது. அதற்கு மேலே உடம்பைப் பார்ப்பது நம் பொறுப்பு. மேலே வயதுக் கேள்வியில் சொன்ன அடையாளங்கள் இதற்குத்தான்.

"பெரிய ஆண்கள் அதிகமானா அடுத்த தலைமுறைக் கொம்பும் பெரிசாகும்தானே?"

ஆகாது. வயதான ஆண்கள் நிறைய இருக்கிற இடத்திலும்கூட, மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குட்டிகளுக்கு ஒன்றரை, இரண்டரை வயது ஆண்களே அப்பா. தாயிடமிருந்தும் பாதி வருகிறது, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நமக்கு வழியே இல்லை. "கொம்பு மோசமானதைக் களையெடுக்கிறேன்" என்று சொல்லிச் சுடுகிறவர்கள், உண்மையில் டேக்கைப் பயன்படுத்த ஒரு காரணம் தேடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். திறந்த காட்டில் நம் கையில் இருப்பது வயது ஒன்றுதான்.

"ஆணை விட்டாச்சு. பெட்டையை எவ்வளவு சுடணும்?"

உங்கள் காட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. தரையில் கன்றுகள் முளைத்து முழங்கால் உயரமாவது வருகிறதா? மானுக்கு எட்டக்கூடிய உயரம்வரை கிளைகள் ஒரே கோடாகக் கடிபட்டிருக்கிறதா? கடிபட்டிருந்தால் மான் அதிகம். பெட்டையைச் சுடாமல் ஆணை மட்டும் விடுவது பாதி வேலைகூட இல்லை. ஏற்கெனவே பசித்த காட்டில் இன்னும் சில வாயைச் சேர்ப்பதுதான்.

"பெட்டைன்னு நினைச்சுச் சுட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தா ஆண் குட்டி. எப்படித் தவிர்க்கிறது?"

இதுதான் மொட்டுக்கொம்பன், ஆறு மாத ஆண். சட்டப்படி கொம்பில்லாத மான் டேக்கில் வரும், தப்பில்லை. ஆனால் ஒன்றரை வயதுக்காரனைக் கஷ்டப்பட்டு விட்டுவிட்டு, பெட்டைப் பருவத்தில் ஆறு மாதக்காரனைச் சுட்டால் கணக்கு சமமாகிவிடுகிறது.

முதலில் தனியாக வயலுக்கு வருகிற "சின்னப் பெட்டை"யை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது ஆண் குட்டி, துணிச்சல் அதிகம். வளர்ந்த பெட்டையின் உடம்பு பக்கவாட்டில் நீள்சதுரமாகவும் முகம் நீளமாகவும் இருக்கும். குட்டியின் உடம்பு சதுரமாக, மூக்கு குட்டையாக இருக்கும். ஆண் குட்டியின் உச்சந்தலை காதுக்கு நடுவே தட்டையாகத் தெரியும், பெட்டைக்கு உருண்டிருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வரும்வரை காத்திருந்து பெரியதைச் சுடுங்கள். வெளிச்சம் மங்கிய பிறகு பெட்டையைச் சுடுவதை நான் விட்டுவிட்டேன்.

"பெரிய ஆணோட கறி நாறும், ரப்பர் மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே?"

கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். நாற்றம் பெரும்பாலும் நம் கை வேலை. பின்னங்கால் சுரப்பியைத் தொட்ட கத்தியாலேயே கறியை வெட்டினால் நாறத்தான் செய்யும். குடலைச் சீக்கிரம் எடுத்து, உடம்பைச் சீக்கிரம் குளிரவைத்து, கொழுப்பை முழுக்கச் சீவிவிடுங்கள். மான் கொழுப்புதான் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். எங்கள் வீட்டில் தொடைக்கறியைக் குக்கரில் ஆட்டுக்கறியைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக வைத்து, அப்புறம் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுக்காவாக வறுப்போம். முதுகுக்கறியைக் குக்கர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டு பக்கமும் கல்லில் வாட்டி எடுத்தால் போதும்.

"பையனுக்கு முதல் வேட்டை. அவனையும் சின்னதை விடச் சொல்லணுமா?"

வேண்டாம். சட்டமே அவனுக்கு விலக்குத் தருகிறது. ஜூனியர் லைசன்ஸ் உள்ளவர்களும், பெரியவர் துணையோடு பழகுகிற சிறுவர்களும் ஒரு பக்கம் இரண்டு முனை உள்ளதையோ மூன்று அங்குல ஸ்பைக்கையோ சுடலாம். முதல் மான் எந்த மானாக இருந்தாலும் அது அவனுடைய பெரிய மான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அதை விடு, இதை விடு" என்று சொன்னால் அடுத்த வருஷம் பரண் ஏற அவன் வரமாட்டான். எப்போது விட ஆரம்பிப்பது என்பதை அவனே கேட்பான், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

"தீனி போட்டா சீக்கிரம் வளராதா?"

மான் வளர வயது, தீனி, மரபு மூன்றும் வேண்டும். ஆனால் சோளத்தைக் குவித்து வைப்பது தீனி இல்லை. மெலிவு நோய்க்காக (இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) ஆணையம் வகுத்த நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மானுக்குத் தீனி போடுவதே சட்டவிரோதம். நிலம் உங்களுடையது என்றால் வயதான மரங்களில் சிலவற்றை வெட்டி வெயிலைத் தரைக்கு விடுங்கள்; அங்கே முளைக்கிற தழையும், விட்டு வைத்த ஓக் மரத்தின் கொட்டையும் எந்த மூட்டைத் தீனியையும்விட மேல்.

"எண்ணிப் பார்த்துத்தான் சுட்டேன், ஆனா ரெண்டு முனைதான் இருந்துச்சு. இப்போ என்ன பண்றது?"

அப்படியே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். உடனே ஆணையத்துக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லுங்கள். தவறுதலாகச் சுட்டதைத் தானே வந்து சொல்கிறவருக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது: மானை ஒப்படைத்து ஒரு சிறு தொகை கட்டுவதோடு முடியும். மறைத்துப் பிடிபட்டால் அபராதமும் கட்டி, லைசன்ஸும் போகலாம்.

"மெலிவு நோய் வயசான ஆணுக்குத்தான் அதிகம்னு படிச்சேன். அப்போ வளரவிடுறதே ஆபத்தில்லையா?"

நியாயமான கேள்வி, இருப்பதிலேயே கடினமானதும் இதுதான். நாள்பட்ட மெலிவு நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் கண்ணில் பட்டது. பென்சில்வேனியாவில் 2012-இல் வந்தது. பிரியான் என்கிற கோணல் புரதத்தால் வரும் மூளை நோய். மருந்து இல்லை, வந்த மான் பிழைக்காது. வளர்ந்த ஆண்களுக்குப் பெட்டைகளைவிட அதிகம் வருகிறது, பல இடங்களில் இரண்டு மடங்கு வரை. அவை அதிக தூரம் சுற்றுகின்றன, பல மான்களோடு முகர்ந்து நக்கிப் பழகுகின்றன. இடம்பெயர்கிற இளம் ஆண்களும் நோயைச் சுமந்து போகக்கூடும்.

அதனால் மிசூரி மாநிலம் நோய் மேலாண்மைப் பகுதியில் இருந்த கவுண்டிகளில் கொம்புக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அது சரியென்றே நினைக்கிறேன். இளம் ஆணை விடுவது ஒரு காட்டின் நன்மைக்காக. அதே காட்டில் நோய் பரவும்போது ஆணும் பெட்டையும் எண்ணிக்கையில் குறைய வேண்டும் என்றால், என் ஆசையை ஓரமாக வைத்துவிடுவேன். உங்கள் இடம் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்று ஒவ்வொரு கோடையிலும் வரைபடத்தைப் பாருங்கள், எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் வேட்டையாடும் இடம் இன்னும் வெளியேதான் இருக்கிறது. உள்ளே வந்தால் கூடுதலாகக் கிடைக்கிற பெட்டை டேக்குகளை எடுப்பேன், கண்ணில் படுகிற முதல் சட்டப்படியான ஆணையும் சுடுவேன்.

"அந்தப் பகுதியில சுட்ட மானைச் சாப்பிடலாமா?"

மனிதருக்கு இந்த நோய் வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உள்ளது என்று சோதனையில் தெரிந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் மருத்துவத் துறையின் அறிவுரை. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தலையைப் போடுவதற்கென்று பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், சோதனைக்குக் காசு இல்லை. கொம்பு வேண்டுமென்றால் முன்னாலேயே அறுத்து எடுத்துக்கொண்டு, தலையை டேக்கோடு பையில் கட்டிப் போடுங்கள். தலையையும் முதுகெலும்பையும் அந்தப் பகுதிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது; கறியை முதுகெலும்பு நீக்கித்தான் எடுத்து வர வேண்டும். முடிவு வரும்வரை அந்த மானின் கறியைத் தனிப் பையில் போட்டு, டேக் எண்ணை மேலே எழுதி, ஃப்ரீசரில் மற்றக் கறியோடு கலக்காமல் வையுங்கள்.